ஆடு பார்த்துவந்த வேலை

ஜனவரி 22

எஸ்தர் மேடம் உத்தரவு: களப்பணியாளர் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். என்ன செய்தேன் என்பது மட்டும் போதாது, என்ன உணர்ந்தேன் என்பதும் வேண்டுமாம். நான் மெக்கானிக்கல் படித்தவன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் மூன்று வருடம் இருந்தேன். அங்கேயும் தினமும் எழுதுவோம். வெப்பம், அழுத்தம், அதிர்வு. மோட்டார் என்ன உணர்ந்தது என்று யாரும் கேட்டதில்லை.

மேனேஜரின் டிசைன் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னதில் அந்த வேலை போயிற்று. டிசைன் தப்புதான். அந்த பம்ப் இன்றுவரை ஒழுகுகிறது.

இப்போது பரமக்குடியில் ஒரு தொண்டு நிறுவனம். 'சோலார் டிரையர் அமைக்கப் பொறியாளர் தேவை' என்று விளம்பரம் பார்த்து வந்தேன். ஆர்டரில் 'சமூகப் பணியாளர் (தொழில்நுட்பம்)' என்று போட்டிருக்கிறார்கள். அடைப்புக்குறிக்குள் போன பொறியாளர் நான்.

ஊர் மாவிலங்கேந்தல். அறுபத்திரண்டு வீடு, எல்லார் காட்டிலும் குண்டு மிளகாய். பறித்த பழத்தைத் தார்ச்சாலையில் காயப்போடுகிறார்கள். அதன்மேல் நாய் போகிறது, பஸ் போகிறது, இன்று நானும் வண்டியோடு போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். போன வருடம் மார்ச்சில் கோடை மழை பிடித்து, ஊரில் பாதி வத்தல் பூசணம் பூத்துக் குப்பைக்குப் போயிருக்கிறது.

என் வேலை எளிது. இருபது சென்ட் வெட்டவெளி, அதில் சிமெண்ட் களம், மேலே பாலித்தீன் கூடாரம், நாலு காற்றாடி. நிலத்துக்காரர் சம்மதக் கடிதம் மார்ச் பன்னிரண்டுக்குள் பரமக்குடி போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் டிரையர் வரிசையில் அடுத்திருக்கும் ஊருக்குப் போய்விடும். ஒரு கடிதத்துக்கு ஐம்பது நாள் அவகாசம். எதற்கு இவ்வளவு என்று தெரியவில்லை.

உணர்வு: பசி.

ஜனவரி 24

நிலம் கிடைத்துவிட்டது. மரநிழல் இல்லை, தண்ணீர் தேங்காது, ரோட்டோரம், கரண்டு கம்பம் இருபது அடியில். ஊரில் மற்ற வெட்டவெளி எல்லாம் ஒன்று கண்மாய்க்குள் இருக்கிறது, இல்லையென்றால் கருவேலமுள்ளுக்குள் இருக்கிறது. டீக்கடை சோணைமுத்து அண்ணன்தான் காட்டினார். ஊரில் யார் யாருக்கு என்ன சொல்லி அனுப்பினாலும் அவர் கடை வழியாகத்தான் போகும்.

"யாருதுங்கண்ணா?"

"பஞ்சவர்ணம், பூமயிலு, ரெண்டு பேரு பேர்லயும் கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பி பொண்டாட்டிக. மாமனாரு எழுதிவச்சது."

"பசங்களுக்கு எழுதலீங்களா?"

"சீட்டாடுற பயலுகளுக்கு எவன் எழுதுவான்?"

"நல்லதாப் போச்சு. ரெண்டே கையெழுத்து. நாளைக்கு முடிச்சிடலாம்."

சோணைமுத்து அண்ணன் டீயை ஆற்றினார். வெகுநேரம் ஆற்றினார். "முடிச்சிரலாம், முடிச்சிரலாம்" என்றார். பிறகு கேட்காமலே ஒரு உளுந்தவடையை எடுத்து வைத்தார். வெளியூர் இன்ஜினியர் என்ற மரியாதை.

ஜனவரி 25

முடியவில்லை.

ஜனவரி 26

பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று எழுதும் நிலையில் இல்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர். இந்தப் பக்கம் பஞ்சவர்ணம் அம்மா, மூத்தவர், அறுபதை நெருங்குகிறார். அந்தப் பக்கம் பூமயில் அம்மா, இளையவர், மகளிர் குழுத் தலைவி, எட்டாவது வரை படித்தவர். சுவரோரம் பூமயில் அம்மாவின் வெள்ளாடு ஒன்று, சினை ஆடு, கட்டிக் கிடந்தது. டிரையர் பற்றிப் படம் போட்டு விளக்கினேன். இரண்டு பேரும் நன்றாகக் கேட்டார்கள். பஞ்சவர்ணம் அம்மா தலையாட்டிவிட்டு ஆட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏ ஆடு! நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா ஆறு வருசமா வாயத் தொறக்காதவ வந்து ஒரு வார்த்தை கேக்கணும்னு சொல்லு."

பூமயில் அம்மாவும் ஆட்டைப் பார்த்தார். "ஏ ஆடு! நான் எப்ப வேணாலும் போடுவேன். கதவச் சாத்துனவுக தொறந்து கூப்புடட்டும்னு சொல்லு."

"சாத்துன கதவத் தட்டுறதுக்குக் கை இல்லையான்னு கேளு, ஆடு!"

ஆடு யாருக்கும் எதையும் சொல்லவில்லை. மென்றுகொண்டிருந்தது.

"ஏனுங்க, ஆட்டுகிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றேன். "மூணடியிலதான நிக்கிறாங்க?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. கடையில் புதுச் சாமானைப் பார்க்கிறவர்களுக்கு வருமே, அது.

"தம்பி," என்றார் பஞ்சவர்ணம் அம்மா, "அவகிட்டச் சொல்லுங்க..."

ஆடு கால் மடக்கிப் படுத்துக்கொண்டது.

ஜனவரி 29

தகவல் தொடர்பில் அடிப்படை விதி, போகிற செய்தி மாறாமல் போய்ச் சேர வேண்டும். அப்படியே செய்தேன். பஞ்சவர்ணம் அம்மா சொல்வதை வரி விடாமல் மனதில் பதிந்துகொண்டு, வாசல் வழியாகச் சுற்றிப் போய் (முப்பத்தெட்டு அடி, சுவரைத் தாண்டக் கூடாதாம், நான் ஆள், ஆடு இல்லையாம்), பூமயில் அம்மாவிடம் ஒப்பித்தேன்.

"உங்க மூஞ்சியில முழிச்சா அன்னைக்கு வெளங்காதுன்னு சொல்றாங்க. உங்கம்மா வீட்டுல உங்களுக்குச் சோறு போட்டாங்க, புத்தியப் போடலையாம்."

ஒரு அலுமினியத் தட்டு பறந்தது. என் மீது இல்லை. ஆனால் நான் குனிந்திருக்காவிட்டால் என் மீதுதான்.

பதிலையும் வரி விடாமல் கொண்டுபோனேன். மதியம் இரண்டு வீட்டிலும் உலை வைக்கவில்லை. சாப்பாட்டுக்கு வந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் (இவர்கள் பேசிக்கொள்கிறார்கள்; கோயில் மரத்தடியில் தினமும் ஒரே செட்டில் சீட்டாடுகிறார்கள்) அடுப்பைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் தம்பி," என்றார் மூத்தவர், "ஆட்ட வச்சு நல்லாத்தான போய்ட்டிருந்துச்சு?"

ஒன்று கவனித்தேன். பூமயில் அம்மா எவ்வளவு திட்டினாலும் 'அவுக' 'வந்தாக' என்றுதான் திட்டுகிறார். மரியாதை குறையவே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. இந்த வட்டார வழக்கு போல.

உணர்வு: மேலே எழுதியிருக்கிறது.

பிப்ரவரி 2

மேடத்துக்கு போன் செய்தேன். "அவசரப்படாதீங்க நவநீதன். முதல்ல உறவைக் கட்டுங்க" என்றார். நான் களம் கட்ட வந்தவன் மேடம் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். இல்லை. ஒன்றுக்கு சிமெண்ட் வேண்டும்.

பிப்ரவரி 5

முக்கியமான கண்டுபிடிப்பு.

மணி பன்னிரண்டு, வெயில். பஞ்சவர்ணம் அம்மா ஆரம்பித்தார். நாலு நிமிடம் பேசினார். பூமயில் அம்மாவின் நடை, சமையல், தம்பிமார், அவர்கள் ஊர்க் கண்மாய் எல்லாம் வந்தது. கடைசியில்தான் விஷயம்: நிலத்தில் கிடக்கும் கல்லை யார் அப்புறப்படுத்துவது என்று கேட்டிருந்ததற்கு, "அவ பாதி, நான் பாதி." சுவருக்கு அந்தப் பக்கம் பூமயில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் இது எதுவும் கேட்டிருக்காது.

முப்பத்தெட்டு அடி நடந்தேன். நாக்கு வறண்டிருந்தது. நாலு நிமிடச் செய்தியைச் சுமக்கத் தெம்பில்லை.

"கல்லு பாதி பாதிங்கிறாங்க" என்றேன்.

பூமயில் அம்மா தேய்ப்பதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். என்னையே பார்த்தார். "அவ்வளவுதான் சொன்னாகளா?"

"அவ்வளவுதாங்க."

"சரின்னு சொல்லுங்க."

தட்டு பறக்கவில்லை. மதியம் இரண்டு வீட்டிலும் உலை கொதித்தது. எனக்கு இரண்டு வீட்டுக் குழம்பும் வந்தது.

இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். எந்தக் கம்பியிலும் தேவையான சிக்னல் கொஞ்சம், இரைச்சல் நிறைய. இரைச்சலை வடிகட்டுவது இன்ஜினியரின் கடமை.

பிப்ரவரி 9

வடிகட்டி வேலை செய்கிறது. சோதனைக்காக இரண்டு பக்கமும் குறித்து வைக்கிறேன்.

சொன்னது: "அவ வீட்டுச் சேவலுக்கு நேரங்காலம் தெரியல, அவள மாதிரியே." நான் கொண்டுபோனது: சேவலைப் பற்றிப் பேச்சு வந்தது.

சொன்னது: "அவுகளுக்குக் காது கேக்குற அளவுக்கு மனசு கேக்காது." நான் கொண்டுபோனது: கேட்டுச் சொல்கிறார்களாம்.

சொன்னது (ஆறு நிமிடம், கையை நீட்டி நீட்டி). கொண்டுபோனது: ம்.

மேடத்திடம் போனில் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. "அவங்க வார்த்தையை நீங்க மாத்தக் கூடாது நவநீதன். அது நேர்மை இல்ல." மாற்றவில்லை மேடம், குறைக்கிறேன் என்றேன். "நாளைக்குத் தெரிஞ்சா?" என்றார். எப்படித் தெரியும்? இருவருக்கும் நடுவில் இருக்கும் ஒரே கம்பி நான்தான்.

பிப்ரவரி 13

இன்று காலை பஞ்சவர்ணம் அம்மா: "அவ ஆடு விடிய விடியக் கத்துது. பொட்டுக் கண்ணு மூட முடியல. அறுத்துத் தொலைக்கச் சொல்லுங்க அத."

நடந்து போனேன். பூமயில் அம்மா ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். ஆடு இரண்டு நாளாக இரை எடுக்கவில்லை. இந்த நேரத்தில் அறுக்கச் சொல்வது தொழில்நுட்ப ரீதியாகவே சரியில்லை.

"ஆட்டைப் பத்திக் கேட்டாங்க" என்றேன்.

அவர் தலை நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு என்னை.

"எப்படி இருக்குன்னா கேட்டாக?"

ஒரு வகையில், ஆமாம். "ஆமாங்க."

"அப்படித்தான் கேட்டாகன்னு நீங்க சொல்றீக?"

"நான்தாங்க சொல்றேன்."

"சரி. அப்ப சொல்லுங்க, சுக்குக் கசாயம் குடுத்தாச்சு, ஓமம் இருந்தா நல்லது, எங்கிட்டத் தீந்துபோச்சு. ஆனா நான் ஒண்ணும் கேக்கல."

"ஓமம் கேட்டாங்க" என்றேன் இந்தப் பக்கம் வந்து.

பஞ்சவர்ணம் அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "கேட்டாளா?" என்றார். "அவளா?" உள்ளே போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது காகிதத்தில் பொட்டலம். ஐம்பது கிராம் ஓமத்தை முப்பத்தெட்டு அடி தூரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவருக்கு மேலாகக் கையை நீட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

பிப்ரவரி 18

மிளகாய்ப் பறிப்பு தொடங்கிவிட்டது. ரோடு முழுக்கச் சிவப்பு. இன்னும் இருபத்திரண்டு நாள். அடுத்த ஊர்க்காரர்கள் ஆபீசில் வந்து விசாரித்துவிட்டுப் போனதாக மேடம் சொன்னார்.

சண்டையின் மூலகாரணத்தைக் கண்டுபிடிக்காமல் ரிப்பேர் செய்ய முடியாது. பஞ்சவர்ணம் அம்மாவிடம் நேராகவே கேட்டேன்.

"ஆறு வருசத்துக்கு முந்தி எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி. மதுரையில ஆசுபத்திரி. ஊரே வந்து பாத்துச்சு தம்பி. சீட்டாடுற பயலுக எல்லாம் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தாய்ங்க. ஒரு சுவத்துக்கு அங்கிட்டு இருக்கவ வரல. அவ அப்ப சாயல்குடியில அம்மா வீட்டுல இருந்தா. அவகிட்ட அப்ப போனு இல்ல, கொழுந்தனும் எங்ககூட ஆசுபத்திரியில. அதான் போற ஆளுகிட்டச் சொல்லிவிட்டேன். வரலையே! எட்டு நாள் கழிச்சு ஒண்ணும் தெரியாதவ மாதிரி வந்து 'என்னக்கா'ன்னா. கதவச் சாத்திட்டேன்."

யாரிடம் சொல்லிவிட்டார் என்று கேட்டிருக்கலாம். பஸ் வந்துவிட்டது. காற்றாடிக்கு போல்ட் வாங்கப் பரமக்குடி போக வேண்டியிருந்தது.

பிப்ரவரி 20

பூமயில் அம்மா: "எனக்கு யாரு தம்பி சொன்னா? அஞ்சாறு நாளு கழிச்சு பஸ்சுல எவளோ பேசிக்கிட்டு வந்தா, அதக் கேட்டு ஓடியாந்தேன். வந்தா மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவு. மாமாவுக்கு ஒண்ணுன்னா எனக்குச் சொல்லமாட்டாகளா? நான் அன்னியமா?"

ஒருவர் சொல்லிவிட்டேன் என்கிறார். ஒருவர் வரவில்லை என்கிறார். நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்து சோணைமுத்து அண்ணனிடம் இதைச் சொன்னேன். "யாருகிட்டண்ணா சொல்லிவிட்டிருப்பாங்க?"

அவர் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. கண்ணாடி டம்ளர். "விடுங்க தம்பி, பழைய கதை" என்றார். இரண்டு வடை வைத்தார், சட்னி தனியாக.

இந்த ஊரில் என் மேல் மரியாதை கூடிக்கொண்டே வருகிறது.

பிப்ரவரி 24

ஆடு குட்டி போட்டது. இரண்டு.

பஞ்சவர்ணம் அம்மா சுவரோரம் வந்து நின்று, மெதுவாக: "கிடாயா பெட்டையான்னு கேட்டுட்டு வாங்க. நான் கேட்டேன்னு சொல்லாதீக."

நான் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பூமயில் அம்மா: "ஒண்ணு கிடாய், ஒண்ணு பெட்டைன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீக."

நான் நடுவில் நின்றேன். கொண்டுபோக எந்தப் பக்கமும் எதுவும் இல்லை. ஆனாலும் வழக்கத்தை விட வேண்டாம் என்று சும்மா ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

உணர்வு: சொல்லும்படியாக ஒன்றுமில்லை. பெட்டைக் குட்டிக்கு நெற்றியில் வெள்ளை.

பிப்ரவரி 26

(பின்குறிப்பு: இந்தப் பக்கத்தில் முக்கால்வாசியை ஆடு தின்றுவிட்டது. மிஞ்சியிருப்பது: "...இனிமேல் சத்தியமாக இந்த ஊரில் ஒருத்தருக்கும்..." என்ன எழுதியிருந்தேன் என்று நினைவில்லை.)

மார்ச் 2

பிற்பகல் மூன்றுக்கு தென்மேற்கே மேகம். நாலு மணிக்குத் தூறல். ஊரே ரோட்டுக்கு ஓடியது. கூட்டுகிறவர்கள், சாக்கில் அள்ளுகிறவர்கள், புடவையை விரித்து மூடுகிறவர்கள். நான் பதினேழு சாக்கு தூக்கினேன். அது என் வேலைப் பட்டியலில் இல்லை. அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டேன்.

பஞ்சவர்ணம் அம்மாவின் வத்தலும் பூமயில் அம்மாவின் வத்தலும் ரோட்டில் அடுத்தடுத்து. பூமயில் அம்மா இன்னும் வந்து சேரவில்லை. பஞ்சவர்ணம் அம்மா தன் தார்ப்பாயை இழுத்தார். இழுத்து இழுத்து அடுத்த குவியலின் பாதி வரை கொண்டுபோய்க் கல் வைத்தார். தன் பக்கத்து ஓரம் திறந்து கிடந்து நனைந்தது. தார்ப்பாயை அளக்கத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஊரில் கால்வாசி வத்தல் நனைந்துவிட்டது. தூறல்தான். மழை இன்னும் வரவில்லை. கூடாரம் இருந்திருந்தால் ஒரு காய் நனைந்திருக்காது. ஒரு காய்!

உணர்வு: கண் எரிச்சல். கண்ணீருக்குக் காரணம் மிளகாய்.

மார்ச் 7

சம்மதம். இரண்டு பேரும்.

"அவுக முதல்ல போட்டா அடுத்த நிமிசம் நான் போடுவேன்." "அவ முதல்ல போடட்டும், அடுத்த நிமிசம் நான்." நான் கொண்டுபோனது இரண்டு பக்கமும் ஒன்றே: "ஒரே நேரத்துல போடலாங்கிறாங்க." இரண்டு பேனா வாங்கிவிட்டேன். 9ஆம் தேதி காலை.

மார்ச் 8

(நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியது.)

நாட்குறிப்பைக் காணோம்.

மார்ச் 9

(நாள்காட்டித் தாள்.)

யோசித்துப் பார்த்தேன். நேற்று சுவர் மேல் வைத்துவிட்டு குட்டியைத் தூக்கினேன். குட்டியை இறக்கினேன். நோட்டை எடுத்த நினைவு இல்லை.

அதில் எல்லாம் இருக்கிறது. சேவல், கண்மாய், மூஞ்சி. வரி விடாமல், இரண்டு பத்தியாக, யார் சொன்னது, நான் கொண்டுபோனது. பூமயில் அம்மா எட்டாவது படித்தவர்.

இரண்டு பேனாவோடு போனேன். இரண்டு வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. ஆடு ஒரு காகிதத்தை மென்றுகொண்டிருந்தது. என் கையெழுத்து.

மார்ச் 10

(நாள்காட்டித் தாள்.)

கதவுகள் திறக்கவில்லை. ஆட்டிடம்கூட யாரும் பேசவில்லை. அண்ணன் தம்பி இருவரையும் கேட்டேன். "எங்களுக்குப் பழைய சோறு வாசல்ல வருது தம்பி. அதுக்கு மேல நாங்க கேக்குறதில்ல" என்றார்கள்.

மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

டிரையர் போனால் போகட்டும். எந்த ஊரில் போட்டாலும் அதே டிரையர்தான். அதே நாலு காற்றாடி. எனக்கென்ன. கோயம்புத்தூரில் ஒழுகும் பம்புக்கு இன்னும் ஆள் தேடுகிறார்களாம்.

மறுபடியும் மேகம். ரோட்டில் பதினொரு குவியல் மூடாமல் இருந்தது. மூடிவிட்டு வந்தேன்.

மார்ச் 11

காலை ஏழு மணிக்கே போனேன். கதவைத் தட்டி, நான்தான் மாற்றிச் சொன்னேன், தப்பு என்னுடையது, கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள் என்று சொல்வதாக முடிவு. மேனேஜரிடம் சொன்ன மாதிரி நேராக.

வாசலில் கால் வைத்ததும் பின்பக்கத்திலிருந்து குரல் கேட்டது. பூமயில் அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிற குரல்.

"'...ஒரு அலுமினியத் தட்டு பறந்தது. என் மீது இல்லை. ஆனால் நான் குனிந்திருக்காவிட்டால்...'"

"அத இன்னொருக்கப் படிடி! அந்தத் தட்டு பறந்தத!"

சுவரின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முக்காலி. பஞ்சவர்ணம் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோட்டை எடுத்த பூமயில் அம்மா சத்தமாகப் படிக்க, சுவருக்கு இந்தப் பக்கம் சிரிப்பு வந்திருக்கிறது. மூன்று நாளாக இதுதான். உலை வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"மன்னிச்சிடுங்க," என்றேன். "நீங்க சொன்னதை எல்லாம் குறைச்சுச் சொல்லிட்டேன்."

"தெரியுமே" என்றார் பூமயில் அம்மா.

"நோட்டைப் படிச்சீங்க, அதனால தெரியும். ஆனா அப்போ..."

"அப்பவே தெரியும் தம்பி. அவுக அம்புட்டு நேரம் பேசுறது சுவத்துக்கு இங்கிட்டு இருக்க எனக்குக் கேக்காதா? மூணடிதான? நீங்கதான மொத நாளு அளந்து சொன்னீக?"

மூன்றடி. ஆறு வாரமாக முப்பத்தெட்டு அடி நடந்திருக்கிறேன்.

"ஆட்டை அறுக்கச் சொன்னதும் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு. இவ கேட்டுட்டுத்தான் இருக்கான்னு எனக்கும் தெரியும்" என்றார் பஞ்சவர்ணம் அம்மா.

"அப்புறம் எதுக்குங்க 'எப்படி இருக்குன்னா கேட்டாக'ன்னு கேட்டீங்க?"

"நீங்க அப்படிச் சொன்னீகள்ல? நல்லதா ஒரு வார்த்தை வந்தா, அத வாங்கிக்கிறதா வேணாமான்னு எங்க இஷ்டம். ஆட்டுக்கு நல்லதா மாத்திச் சொல்லத் தெரியாதே தம்பி. ஆறு வருசமா வெறும் வாயத்தான் மென்னுச்சு."

பிறகு நோட்டைப் புரட்டினார். ஓரத்தில் பென்சிலால் அவர் எழுத்து. 'நாலு நிமிசம் இல்லை. இரண்டுதான்.' 'தட்டு கைதவறிப் போனது.' 'தார்ப்பாயை அக்காவுக்கு அளக்கத் தெரியும்.' இதன் பக்கத்தில் மட்டும் பென்சில் அழுந்தியிருந்தது.

"இதச் சொல்லுங்க," என்று பிப்ரவரி 20ஐக் காட்டினார். "இந்த ரெண்டு வடை எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்குப் புரியலையா?"

"மரியாதைங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஏக்கா," என்றார் பூமயில் அம்மா, "இவுக இன்ஜினியருக்குத்தான படிச்சாக?"

"ஆமாடி. அதான்."

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த அம்மா வாயிலிருந்து என் காதுபட வந்த முதல் அக்கா. அதைக்கூட என்னைக் கிண்டல் செய்யத்தான் செலவழித்தார்.

பஞ்சவர்ணம் அம்மா எழுந்தார். "நான் சொல்லிவிட்டது சோணைமுத்துகிட்ட. சாயல்குடிக்குப் போறேன்னான். 'போய்ச் சொல்லியாச்சா'ன்னு கேட்டேன். தலைய ஆட்டுனான்."

"எங்கிட்ட வரவே இல்லையேக்கா!"

கடைக்கு மூன்று பேரும் போனோம். எங்களைச் சேர்த்துப் பார்த்ததுமே சோணைமுத்து அண்ணன் ஆற்றிய டீயைக் கீழே வைத்தார். ஒன்றும் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"போனேன்க்கா. சத்தியமாப் போனேன். வழியில மாட்டுவண்டிப் பந்தயம். பெரிய மாட்டுக்குக் கொடி காட்டிட்டாய்ங்க. அத மட்டும் பாத்துட்டுப் போவோம்னு நின்னேன். திரும்பி ஊருக்கு வந்து டீத்தூள் போடுறப்பதான் ஞாபகம் வருது. நாளைக்குப் போயிரலாம்னு நெனச்சேன். அப்பதான் நீங்க வந்து கேட்டீக, தலைய ஆட்டிட்டேன். அதுக்குள்ள கதவு சாத்தியாச்சு."

"ஆறு வருசம்டா!" என்றார் பஞ்சவர்ணம் அம்மா. "ஆறு வருசம் அவ பெத்த பிள்ளைக்குச் சீமந்தம், நான் போகல. எம் மகளுக்குக் கல்யாணம், அவ வரல. சொல்றதுக்கு என்ன?"

"தினமும் சொல்லணும்னுதான் கடையத் தொறப்பேன்க்கா. உங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாத்தா வடை போடப் போயிருவேன்."

எண்ணெய் மட்டும் கொதித்தது. செய்தி முழுமையாக இருக்கட்டும் என்று நான் கேட்டேன்: "எந்த வண்டிங்கண்ணா ஜெயிச்சுது?"

"தம்பி, நீங்க சும்மா இருங்க!" இரண்டு பேரும் சேர்ந்து. ஒரே குரல், ஒரே மூச்சு. பிறகு பூமயில் அம்மா சிரிக்க ஆரம்பித்தார். பஞ்சவர்ணம் அம்மா சிரிக்கக் கூடாது என்று வாயை மூடினார், முடியவில்லை.

சோணைமுத்து அண்ணனுக்குத் தண்டனை: களம் கட்டி முடிகிற வரை கல்லும் மண்ணும் சுமக்க வேண்டும். வடை தனி.

மார்ச் 12

பஞ்சவர்ணம் அம்மா கைநாட்டு வைக்க மாட்டேன் என்றுவிட்டார். பூமயில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் பெயரை எழுதி முடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. நான் மணி பார்த்தேன், ஆனால் அவசரப்படுத்தவில்லை. பத்தரை பஸ் போய்விட்டது. பரவாயில்லை, வண்டியிலேயே போனேன்.

கடிதத்தை வாங்கிய மேடம் நாட்குறிப்பையும் வாங்கிக்கொண்டார். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார்.

"பிப்ரவரி இருபத்தாறு எங்க?"

"ஆடு தின்னுடுச்சுங்க மேடம்."

"மிச்சத்தை அதுக்குக் குடுத்துடாதீங்க" என்றார்.

மார்ச் 25

கூடாரத்துக்குக் குழாய் வளைத்தாயிற்று. நாளை மறுநாள் பாலித்தீன் ஏறும். கடைசிப் பறிப்பு உள்ளேதான் காயும். சோணைமுத்து அண்ணன் ஐந்து கிலோ இளைத்திருக்கிறார்.

காலையில் களத்துச் சிமெண்டுக்குத் தண்ணீர் விட வேண்டும். பூமயில் அம்மா வீட்டு மோட்டாரைப் போடச் சொல்லப் போனேன். இரண்டு பேரும் சுவரில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். சாயல்குடி, சீமந்தம், கல்யாணப் பந்தியில் ரசம் உப்பாகிப்போனது. ஆறு வருடம் பாக்கி.

"ஏனுங்க, மோட்டாரு" என்றேன். கேட்கவில்லை. இரண்டாம் தரமும் சொன்னேன். மூன்றாம் தரம் கொஞ்சம் சத்தமாக. பஞ்சவர்ணம் அம்மா கையை மட்டும் அசைத்தார், கொசுவை விரட்டுகிற மாதிரி.

ஆடு என்னைப் பார்த்தது. இரண்டு குட்டியும் பார்த்தன. இந்த வீட்டில் இப்போது வேலை இல்லாதவர்கள் நாங்கள்தான்.

நான் ஆட்டின் பக்கம் திரும்பினேன்.

"ஏ ஆடு! களம் காயுது, மோட்டாரைப் போடணும்னு சொல்லு."

சுவரின் இரண்டு பக்கமும் பேச்சு நின்றது.

"ஏ ஆடு!" என்றார் பஞ்சவர்ணம் அம்மா, என் பக்கம் திரும்பாமலே. "கஞ்சி கரைச்சு வச்சிருக்கு, குடிச்சுட்டுப் போகச் சொல்லு. மோட்டாரு எங்கயும் ஓடிப்போகாது."

"சரின்னு சொல்லு, ஆடு" என்றேன்.